மூன்று பத்துக்கு எடுத்த போத்தல்

பிற்பகல் மணி இரண்டு ஐந்துக்கு மீனவர் பாக் டின்னின் படகு துறைக்குத் திரும்பியது. படகில் பாக் டின் இருந்தார். நண்டுக் கூடைகள் இருந்தன. மடித்து வைத்த நீலக் கான்வாஸ் இருந்தது. என் மகள் இல்லை.

இந்தத் தொடரில் இதுவரை என் அலுவலகம், என் கல்யாணம், பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட கதை என்று சிரித்துக்கொண்டே எழுதியவைதான் அதிகம். இந்த வாரம் அப்படி எழுத வரவில்லை. நடந்து சில மாதங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் வாட்சாப்பில் ஒற்றை டிக் தெரிந்தால் இன்றும் நான் உடனே அந்த ஆளுக்குப் போன் செய்துவிடுகிறேன்.

போர்ட் கிள்ளானைத் தாண்டி, கண்டல் காட்டின் ஓரத்தில் இருக்கும் ஒரு சிறிய மீனவர் துறை அது. பத்துப் பன்னிரண்டு படகுகள், ஒரு ஐஸ் கொட்டகை, செல்வி அக்காவின் தேநீர்க் கடை. அவ்வளவுதான்.

படகைக் கட்டும் வரை எனக்குப் பொறுமை இல்லை. பலகைகள் ஆட ஓடினேன். “என் மகள் எங்கே?” என்று மலாயில் கத்தினேன். எங்கள் பேச்செல்லாம் மலாயில்தான். இங்கே தமிழில் எழுதிவிடுகிறேன்.

“சாபார் லா, என்சிக். பொறுங்க ஐயா. பொண்ணு நல்லா இருக்கு. தண்ணிதான் போயிடுச்சு.”

கழிமுகத்திலிருந்து காட்டுக்குள் பிரியும் ஓர் ஓடையில், கால்கள் மேல் நிற்கும் மரக் குடிசை ஒன்று இருக்கிறது. முன்பு மீன் வளர்த்தவர்கள் காவலுக்குக் கட்டியது. காலையில் என் மகள் தர்ஷினியையும் அவள் பெட்டிகளையும் அங்கே இறக்கிவிட்டுப் பாக் டின் வெளியே நண்டுக் கூடைகளைத் தூக்கப் போய்விட்டார். ஒன்று நாற்பதுக்கு வந்து அழைத்துப்போவதாகப் பேச்சு. அவர் வந்தபோது ஓடையின் வாயில் சேற்று மேடு எருமை முதுகு போல் வெளியே தெரிந்ததாம். தூரத்தில் அவள் கை ஆட்டினாளாம். படகு போக வழியில்லை.

“எப்ப தண்ணி வரும்?”

“அஞ்சு மணிக்கு மேல.”

“நடந்து வந்துட முடியாதா?”

அவர் சிரிக்கத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். “அந்தச் சேறு இடுப்பு வரைக்கும் இழுக்கும். நடக்க வேணாம்னு கத்திட்டுத்தான் வந்தேன். கேட்டிருக்கும்.”

கேட்டிருக்கும்! அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மூன்றரை மணி நேரம் உட்கார வேண்டும்.

பிறகு அவர் தலையைச் சொறிந்தார். “ஒரு மணிக்கெல்லாம் கிளம்பணும்னு எனக்குத் தோணுச்சு, என்சிக். ஆனா பொண்ணு தன் புக்கைக் காட்டுச்சு. இன்னைக்கு லோ டைட், தண்ணி முழுசா வத்துற நேரம், மூணு நாப்பது, ரெண்டு மணி நேரம் முன்னாடி வந்தா போதும்னு சொல்லுச்சு. படிச்ச பொண்ணு. அட்டவணையைப் பார்த்து எழுதியிருக்கும். நான் என்ன சொல்றது?”

அன்று காலை அட்டவணையைப் பார்த்து அவளுக்கு நேரம் சொன்னவன் நான். சொன்னது மூன்று பத்து. மூன்று பத்து என்றுதானே சொன்னேன்?

லிஃப்ட் வாசலிலிருந்து ஒரு கேள்வி

வெள்ளிக்கிழமை போக வேண்டிய பயணம் அது. உடன் போக வேண்டிய ஆய்வுக்கூடத் தோழிக்குக் காய்ச்சல் வந்ததால் சனிக்கிழமைக்குத் தள்ளிப்போனது. தோழிக்குப் பதிலாக நான் புறப்பட்டேன். படகில் ஏற வேண்டாம், துறையிலேயே உட்கார்ந்து மணிக்கு ஒரு போத்தல் தண்ணீர் எடுத்தால் போதும் என்று சொல்லித்தான் மகள் என்னைச் சம்மதிக்க வைத்தாள்.

கடல் ஏறி இறங்கும் நேரம் நாளுக்கு நாள் ஏறக்குறைய முக்கால் மணி நேரம் தள்ளிப்போகும். வெள்ளிக்கிழமைக்காக அவள் குறித்து வைத்திருந்தது சனிக்கிழமைக்கு உதவாது. பெட்டிகளோடு லிஃப்ட் வாசலில் நின்றுகொண்டு கத்தினாள்.

“அப்பா, ஃபிரிட்ஜ்ல ஒட்டியிருக்கேன்ல, இன்னைக்கு லோ டைட் எத்தனை மணின்னு பாருங்க!”

நான் கண்ணாடி போட்டு, விரல் வைத்து, வரிசை தவறாமல் பார்த்தேன். “மூணு பத்து!”

லிஃப்ட் மூடிக்கொண்டது. காரில் அதைப் பற்றி நாங்கள் மறுபடி பேசவில்லை.

இப்போது துறையில் நின்றுகொண்டு மனைவி மாலாவுக்குப் போன் செய்தேன். நடந்ததை முழுதாகச் சொல்லவில்லை. “படகு கொஞ்சம் லேட்டாகும். ஃபிரிட்ஜ்ல இருக்கிற தாளைப் பாரேன். இன்னைக்கு மத்தியானம் கடல் எப்ப வத்துது?”

செருப்புச் சத்தம், ஃபிரிட்ஜ் மீதிருந்து ஏதோ விழும் சத்தம், பிறகு அவள் குரல். “மூணு பத்து.”

“நல்லா பாரு. நாப்பது இல்லையே?”

“எனக்கு எண்ணு படிக்கத் தெரியும்ங்க. மூணு பத்து. ஏன்? புள்ள எங்க?”

சொல்லிவிட்டேன். “குடிசைக்குக் கூரை இருக்குல்ல?” என்றாள்.

“இருக்கு.”

“அப்ப உக்காருங்க. அவ உங்களுக்குக் குடுத்த வேலைய செய்ங்க. சும்மா இருந்தா நீங்களே தண்ணில குதிச்சிருவீங்க.”

அப்பா டைம்

மாலா ஏன் அப்படிச் சொன்னாள் என்று புரிய, என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

பங்சாரில் ஒரு காப்புறுதி நிறுவனத்தின் இழப்பீட்டுப் பிரிவில் எனக்கு வேலை. எது எப்படி உடைந்தது, எது எப்படி எரிந்தது, யார் எங்கே வழுக்கி விழுந்தார் என்று நாள் முழுதும் படிப்பதுதான் தொழில். அப்படிப்பட்டவன் மாலையில் வீட்டுக்கு வந்து கூரையைப் பார்த்தால் கூரை தெரியாது, விரிசல்தான் தெரியும்.

ஆனால் என் பயத்துக்குப் பிறந்த நாள் ஒன்று உண்டு. தர்ஷினி கிள்ளானில், என் மாமனார் வீட்டுக்குப் பக்கத்து மருத்துவமனையில் பிறந்தாள். நான் பங்சாரிலிருந்து கிளம்பி ஃபெடரல் நெடுஞ்சாலையில் நெரிசலில் மாட்டிக்கொண்டேன். முன்னால் ஒரு லோரி கவிழ்ந்திருந்தது. போய்ச் சேர்ந்தபோது அவள் பிறந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. மாலாவுக்கு ரத்தப்போக்கு, கையெழுத்துப் போட நான் இல்லாததால் மாமனார் போட்டிருந்தார். இருவரும் பிழைத்தார்கள். ஆனால் அந்த அரை மணி நேரத்தை நான் பிறகு எப்போதும் கையிலேயே வைத்துக்கொள்ள ஆரம்பித்தேன்.

டியூஷன் நான்கு மணிக்கு என்றால் மூன்றரை என்பேன். கல்யாண முகூர்த்தம் ஒன்பது என்றால் எட்டரை என்பேன். வீட்டுச் சுவர்க் கடிகாரமும் அரை மணி நேரம் முன்னாலேயே ஓடும். சில வருடங்களில் வீட்டில் எல்லோரும் கண்டுகொண்டார்கள். நான் ஒரு நேரம் சொன்னால், “அசல் டைமா, அப்பா டைமா?” என்று கேட்பார்கள். பிறகு கேட்பதையும் விட்டுவிட்டார்கள்.

அரிசி வாளிக்குப் பக்கத்தில்

தர்ஷினி உயிரியல் படித்து, முதுகலை ஆய்வுக்குக் கழிமுகத்து பாக்டீரியாவைத் தேர்ந்தெடுத்தபோது எனக்கு வியப்பு. எனக்கு பாக்டீரியா என்றால் வயிற்றுப்போக்கு. மாலாவுக்குப் பாத்திரம் கழுவும் பஞ்சு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறை அலமாரியில், அரிசி வாளிக்குப் பக்கத்தில், அலுமினியத் தாள் சுற்றிய ஆறு கண்ணாடிப் போத்தல்கள் நிற்பதைப் பார்த்து மாலா கத்தினாள்.

“என்னடி இது? கிள்ளான் ஆத்துத் தண்ணியா என் அரிசிக்குப் பக்கத்துல?”

“மூடியிருக்கும்மா. லேப்ல ஏர்கோன் குளிர். அதுங்களுக்கு வெதுவெதுன்னு இருட்டா இருக்கணும். நாளைக்கு எடுத்துருவேன்.”

“எதுங்களுக்கு?”

“மூச்சு விடுதுங்க, அதுங்களுக்கு.”

அந்த வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. அன்று சோற்றுக்குக் காத்திருந்த நேரத்தில் அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கண்டல் மரம் காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்து, அதிலுள்ள கார்பனை இலையாகக் கட்டிக்கொள்கிறது. இலை உதிர்கிறது. நண்டு கிழிக்கிறது. மிச்சத்தை பாக்டீரியா தின்கிறது. தின்கிற எதுவும் மூச்சுவிட வேண்டும். நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு, இலையின் கார்பனை மறுபடி கரியமில வாயுவாக்கி விடுகிறது. அது நீரிலிருந்து ஏறிக் காற்றுக்கே போய்விடுகிறது.

எல்லாமே போவதில்லை. கொஞ்சம் பாக்டீரியாவின் உடம்பாகத் தங்குகிறது. அதை அதைவிடச் சற்றுப் பெரியது தின்ன, அதை இறால் குஞ்சு தின்ன, கடைசியில் நாம் இறால் சம்பலாகத் தின்கிறோம். கொஞ்சம் சேற்றில் புதைந்துவிடுகிறது. கொஞ்சம் வற்றும் நீரோடு கடலுக்குப் போகிறது. இதில் எது எவ்வளவு என்பதுதான் அவளுடைய கேள்வி. நம்முடையது போன்ற வெயில் ஊரில் பாக்டீரியாவுக்குச் சுறுசுறுப்பு அதிகமாம்.

“நீங்க இங்க சிங்க்ல ஊத்துற சாம்பாரும் சுத்திச் சுத்திக் கடைசியில அந்தப் பக்கம்தான் போகுதுப்பா. முக்காவாசியை வழியிலயே யாராவது தின்னுடுவாங்க.”

“என் சாம்பார யாரும் ஊத்துறதில்ல,” என்றாள் மாலா.

பிரிக்பீல்ட்ஸையும் கிள்ளானையும் இணைப்பது கொமுட்டர் ரயில் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அதற்கு முன்பே ஆறு இணைத்திருக்கிறது. தினமும் அலுவலகத்துக்குப் போகும் வழியில் கான்கிரீட் கரைகளுக்கு நடுவே பார்க்கும் அந்தத் தேநீர் நிறத் தண்ணீருக்குள் இவ்வளவு பேர் மூச்சுவிடுகிறார்கள் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

தே நிறங்கள்

துறையில் எனக்குக் கொடுத்திருந்த வேலை இதுதான். கயிற்றில் கட்டிய குழாயை இறக்கித் தண்ணீர் எடுக்க வேண்டும். குமிழி விழாமல் ரப்பர் குழாய் வழியாகப் போத்தலை நிரப்ப வேண்டும். கையுறை போட்டுக்கொண்டு அவள் கொடுத்த இரண்டு மருந்துகளையும் அளவாக விட்டு மூட வேண்டும். தலைகீழாகப் புரட்ட வேண்டும். நேரத்தை எழுதி ஒட்ட வேண்டும். நீரில் ஆக்சிஜன் இருந்தால் உள்ளே பழுப்பாகத் திரியும். குறையக் குறைய நிறம் வெளிறும். சுத்தமாக இல்லையென்றால் வெள்ளை.

மணிக்கு ஒன்று; கடல் முழுதாக வற்றும் நேரத்தில் கூடுதலாக ஒன்று. “அந்த ஒண்ணுதான்பா முக்கியம்,” என்று காரில் சொல்லியிருந்தாள். ஏறும்போது வருவது கடல் தண்ணீர். வற்றும்போது வருவது காட்டின் சேற்றுக்குள்ளிருந்து கசியும் தண்ணீர். பாக்டீரியா என்ன செய்து வைத்திருக்கிறது என்று அந்தக் கடைசித் தண்ணீர்தான் சொல்லும். அதைத் தன் குடிசையிலும் எடுக்க ஆசைப்பட்டுத்தான், முடிந்த மட்டும் கடைசி நிமிடம் வரை அங்கே இருக்க நினைத்திருக்கிறாள்.

காலை பத்து மணிப் போத்தல் தே ஓ, அதாவது பால் சேர்க்காத தேநீரின் நிறத்தில் இருந்தது. பன்னிரண்டு மணிப் போத்தல் தே தாரிக், பால் தேநீர். இரண்டு மணிப் போத்தலில் பால் அதிகமாகிவிட்டது. நிறங்களுக்கு இப்படிப் பெயர் வைத்தவர் கடைக்காரச் செல்வி அக்கா. காலையிலிருந்து என்னைக் கேலி செய்துகொண்டிருந்தவர், படகு மகள் இல்லாமல் வந்ததும் கடையை அப்படியே போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

“அண்ணே, உக்காருங்க முதல்ல. இந்த நாத்தத்துக்குத்தான் ஆராய்ச்சின்னா என் கடைக்குப் பின்னாலயே இருக்கே. அங்க போய் ஏன் எடுக்கணும் அந்தப் புள்ள?”

அழுகிய முட்டை நாற்றம். தண்ணீர் இறங்க இறங்க அதிகமாகியது. அதையும் மகள் எனக்குச் சொல்லியிருந்தாள். சேற்றுக்குக் கீழே ஆக்சிஜன் இல்லை. அங்கே வேறு ஜாதி பாக்டீரியா, கடலில் கரைந்திருக்கும் சல்பேட்டை வைத்துக்கொண்டு மூச்சுவிடுகிறது. அதன் மூச்சுதான் இந்த நாற்றம். அங்கே எல்லாமே மெதுவாக நடக்கும். மரக்கட்டை, இலை எல்லாம் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். அதனால்தான் சேறு கார்பனைப் பத்திரமாகப் பிடித்து வைத்திருக்கிறது என்று பெருமையாகச் சொன்னாள்.

பிடித்து வைத்திருக்கிறது! சாப்பாட்டு மேசையில் கேட்டபோது அழகாக இருந்த வாக்கியம். துறையில் அது நினைவுக்கு வந்ததும் எழுந்து, அவள் இருந்த ஓடைப் பக்கம் எட்டிப் பார்த்தேன்.

மூன்று பத்து

இரண்டரைக்கு மேல் கடல் பக்கம் கறுத்தது. காற்று திரும்பியது. அவளுக்கு அனுப்பிய ஐந்து செய்திகளும் ஒற்றை டிக்கோடு நின்றன. ஓடைக்குள் சிக்னல் கிடைக்காது என்று முன்பே சொல்லியிருந்தாள். தெரிந்தும் ஆறாவதை அனுப்பினேன்: ‘நடக்காதே.’

மூன்று மணிப் போத்தலை மறந்துபோனேன். மாலா போனில் இருந்தாள். இருவரும் போனைச் சும்மா பிடித்துக்கொண்டிருந்தோம்.

“அண்ணே, மணி மூணு தாண்டிருச்சு,” என்றார் செல்வி அக்கா. “உங்க போத்தல்?”

எழுந்தேன். தண்ணீர் வெகு கீழே போயிருந்தது. இருந்த கயிறு எட்டவில்லை. பாக் டின் தன் படகுக் கயிற்றை அவிழ்த்து முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். என் கைக்கடிகாரம் மட்டும் எப்போதும் சரியான நேரம் காட்டும். அரை மணியைக் கழிக்க எனக்கு ஒரு சரியான நேரம் வேண்டுமே. மூன்று ஒன்பது. நின்றேன். மூன்று பத்து. இறக்கினேன்.

போத்தலைப் புரட்டினேன். உள்ளே பஞ்சு போல ஒன்று மெல்லச் சுழன்று இறங்கியது. பழுப்பே இல்லை.

“பார்லி தண்ணி,” என்றார் செல்வி அக்கா மெதுவாக.

பயந்துகொண்டிருந்த அந்த நிமிடத்திலும் நான் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன் என்பதை இங்கே ஒத்துக்கொள்ள வேண்டும். இருந்த ஆக்சிஜனையெல்லாம் யாரோ மூச்சாக இழுத்துத் தீர்த்திருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாதவர்கள். மகள் வருடக்கணக்காக எதன் பின்னால் அலைகிறாள் என்பது எனக்கு அப்போதுதான் கண்ணால் தெரிந்தது. காட்ட அவள் பக்கத்தில் இல்லை.

மூன்றரைக்கு மழை பிடித்தது. இடி விழுந்த ஒவ்வொரு முறையும் அந்தக் குடிசைக்கு ஜிங்க் கூரையா, ஓலைக் கூரையா என்று பாக் டின்னிடம் கேட்டேன். மூன்று முறையும் அவர் பொறுமையாக, “ஓலை,” என்றார். நான்காவது முறை, “என்சிக், அடுத்த இடிக்கும் ஓலைதான்,” என்றார்.

நான்கேகாலுக்கு மழை விட்டது. நாலே முக்காலுக்கு அவர் படகை எடுத்தார். நானும் ஏறக் கால் வைத்தேன். என் வயிற்றைப் பார்த்தார்.

“தண்ணி இன்னும் கம்மி. உங்களை ஏத்துனா மறுபடி சேத்துலதான் உக்காரணும். பொண்ணை ஏத்திட்டு வரவா, உங்களை ஏத்திட்டு நிக்கவா?”

காலை எடுத்துக்கொண்டேன். ஐந்து மணிப் போத்தலை எடுத்தேன். மறுபடி தே தாரிக் ஆகத் தொடங்கியிருந்தது, கடல் திரும்பிக்கொண்டிருந்தது.

ஐந்து நாற்பது

முதலில் இன்ஜின் சத்தம். பிறகு வளைவில் நீலக் கான்வாஸ். கான்வாஸ் போர்த்தி முன்பக்கம் உட்கார்ந்து, மடியில் ஐஸ் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, தர்ஷினி.

துறையில் ஏறியபோது பார்த்தேன். ஒரு கால் சுத்தமாக இருந்தது. மற்றக் காலில் தொடை வரை கறுப்புச் சேறு, செருப்பு இல்லை.

“இறங்குனியா?”

“ஒரே ஒரு கால்தான்பா. ஏணியை விடல. வெளிய இழுக்கவே பத்து நிமிஷம் ஆச்சு. அப்புறம் மேலயே உக்காந்துட்டேன்.” உதடு நீலமாக இருந்தது. “பாக் டின் கத்துனது எதுவும் கேக்கல.”

செல்வி அக்கா ஒரு வாளித் தண்ணீரும் சூடாக ஒரு கிளாஸ் தேநீரும் கொண்டுவந்தார். “நாளைக்கு என் கடைக்குப் பின்னால எடுத்துக்க, கண்ணு. ஃப்ரீ.”

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்றரை மணி நேரமாக மனதில் வைத்திருந்ததைக் கேட்டேன்.

“காலைல நான் உனக்கு எத்தனை மணின்னு சொன்னேன்?”

“மூணு பத்து.”

“அப்புறம் ஏன் மூணு நாப்பதுன்னு எழுதுன?”

காலில் ஊற்றிக்கொண்டிருந்த தண்ணீரை நிறுத்தினாள். முதலில் கேள்வியே புரியாதவள் போல என்னைப் பார்த்தாள். பிறகு அவள் முகம் மாறியது.

“நீங்க சொன்னீங்கல்ல. நீங்க சொன்னா அரை மணி கூட்டிக்குவேன். சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான். யோசிச்சுகூடச் செய்யலப்பா.”

“நான் இன்னைக்குக் கழிக்கல. உன் ஆராய்ச்சியாச்சே. கடலோட நேரமாச்சே. அதுல போய்க் கை வைக்கலாமான்னு அப்படியே சொன்னேன்.”

“தெரியுது,” என்றாள், சேறு வழிந்த காலைப் பார்த்துக்கொண்டு.

பாக் டின் தன் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு அவள் என் பெட்டியைத் திறந்தாள். போத்தல்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். தே ஓ, தே தாரிக், பால் அதிகமானது. கடைசியில் அந்த வெள்ளையை எடுத்து மேகத்துக்கு நேராகப் பிடித்தாள். வெகுநேரம் அப்படியே பிடித்திருந்தாள்.

“அப்பா, இது எத்தனை மணிக்கு எடுத்தது?”

“அதான் ஒட்டியிருக்கேனே. மூணு பத்து.”

நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, பேனாவைத் தாளின் மேல் வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்தாள். கேலியே இல்லை அந்தக் கண்ணில்.

“அசல் டைமா, அப்பா டைமா?”